பாஸ்வேர்டு மறந்தால் ஃபார்மட்தானா?

செங்கோட்டையோ தென்காசியோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இந்தக் காட்சி மட்டும் மாறுவதில்லை. குற்றாலத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். சாரலில் நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி மடிக்கணினியைக் கொண்டு வருகிறாள்.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டு தப்புன்னே வருது."

"மறந்துட்டியாம்மா? ஃபார்மட் போட்டுருவோம். சாயந்தரம் வந்து வாங்கிக்கோ."

"உள்ள ப்ராஜெக்ட் இருக்கே அண்ணாச்சி..."

"டி டிரைவ்ல இருக்கிறது போகாதும்மா."

ஆனால் அவள் ப்ராஜெக்டை வைத்திருப்பது டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி டிரைவுக்குள்தான் அடங்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சாயந்தரம் கணினி பளிச்சென்று திரும்பி வரும். ஆறு மாத உழைப்பும், இறந்துபோன தாத்தாவின் கடைசிப் புகைப்படங்களும் போயிருக்கும்.

சாவி தொலைந்துவிட்டது என்று வந்தவரிடம், வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று சொன்னால் அதற்குப் பெயர் ரிப்பேரா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் பாஸ்வேர்டு மறப்பது ஒரு பெரிய விபத்தே அல்ல. அந்தப் பாஸ்வேர்டு வாசல் கதவுக்கு மட்டும்தான் பூட்டு, சுற்றுச்சுவர் கிடையாது. ஹார்ட் டிஸ்கில் கோப்புகள் அப்படியே திறந்து கிடக்கும். ஒரு லினக்ஸ் லைவ் சிடியைப் போட்டுக் கணினியை இயக்கினால், விண்டோஸைத் தொடாமலே எல்லாவற்றையும் பென் டிரைவில் நகலெடுத்துவிடலாம். எக்ஸ்பியில் பல கணினிகளில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்கு பாஸ்வேர்டே இல்லாமல் சேஃப் மோடில் காத்துக் கிடந்தது. நார்வேக்காரரான பெட்டர் நோர்டால்-ஹாகன் 1990களிலேயே எழுதி இலவசமாகக் கொடுத்த சிறு நிரல் ஒன்று, விண்டோஸ் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் சாம் என்ற கோப்பையே திருத்தி, பாஸ்வேர்டை வெறுமையாக்கிவிடும். விண்டோஸின் இஎஃப்எஸ் வசதியால் பூட்டிய கோப்புகளுக்கு மட்டும் இந்த வழி ஆகாது, அவை கெட்டுவிடும். மற்றபடி அரை மணி நேர வேலை.

நம்மூர்க் கதை இன்னும் வேடிக்கை. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்போதுதான். தொடக்க காலத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்தால், பாஸ் லினக்ஸுக்குள் நுழைந்து விண்டோஸ் பகுதியைத் திறந்து கோப்புகளை எடுத்திருக்கலாம். அதாவது மருந்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத்தான் அரசு கொடுத்தது! ஆனால் "இது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று அதை அழித்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. பிறகு பாஸ்வேர்டு மறந்தால்... ஃபார்மட்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோப்புகளைக் காப்பாற்றும் நேரத்துக்குக் கூலி கேட்டால் யாரும் கொடுப்பதில்லை. "திருட்டு லேப்டாப்பாக இருந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வியும் இருக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: திருடனுக்கு வேண்டியது என்ன? பழைய கோப்புகளா? இல்லையே, சுத்தமாகத் துடைத்த கணினி! உள்ளே இருப்பது வேண்டும் என்று தவிப்பவர்தான் பெரும்பாலும் உரிமையாளர். ஃபார்மட் அடித்துக் கொடுப்பது திருடனுக்குச் செய்யும் சேவை. உரிமையாளருக்குச் செய்யும் துரோகம். பில்லைக் கேளுங்கள், அடையாள அட்டையைக் கேளுங்கள். பிறகு கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

இதுவரை சொன்னது பழைய கணினிகளின் கதை. இப்போது நிலைமை தலைகீழ்.

விண்டோஸ் விஸ்டாவோடு 2007-ல் வந்தது பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்துவிடும் வசதி. அன்று அது விலை கூடிய பதிப்புகளில் மட்டும் இருந்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலோ, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாக நடந்துவிடுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸில் சில மாற்றங்கள் செய்தாலோ ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். லைவ் சிடி பலிக்காது, நார்வேக்காரர் நிரலும் பலிக்காது. சாவி இல்லையென்றால் கோப்புகள் போனது போனதுதான். இப்போது சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. அதுவும் கோட்டைச் சுவர்.

இதில் பாதுகாப்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. மடிக்கணினியை ரயிலில் தொலைத்தாலும் அதில் இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்த 48 இலக்கம் எங்கே இருக்கிறது? கணினியை முதன்முதலில் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு அமைத்தார்களோ, அந்தக் கணக்கில். கடையில் வாங்கிய அன்று "எல்லாம் செட் பண்ணித் தந்துருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால், கடைப் பையன் கைக்கு வந்த ஒரு மெயில் ஐடியைப் போட்டு முடித்திருப்பான். பாஸ்வேர்டு மறந்தால் எந்த போனிலிருந்தும் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஓடிபி போகும் எண் யாருடையது? பையன் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பான்.

பணம் கட்டியவர் ஒருவர், அட்மினிஸ்ட்ரேட்டர் வேறொருவர். நோய் இதுதான். மறதி வெறும் அறிகுறி.

பெரிய ஊர்களிலும் இதே கதைதான். 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ மாநகராட்சி தன் சொந்த நெட்வொர்க்கிற்குள் நுழைய முடியாமல் நின்றது. அதை அமைத்த ஊழியர் டெர்ரி சைல்ட்ஸ் பாஸ்வேர்டைத் தர மறுத்துச் சிறைக்குப் போனார். நெட்வொர்க் என்னவோ ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உரிமையாளர் கையில் சாவி இல்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே நேரில் போய் வாங்கி வந்தார். 2010-ல் சைல்ட்ஸுக்கு நான்கு ஆண்டு தண்டனை கிடைத்தது. குற்றம் அவருடையது என்றது நீதிமன்றம். சரி. ஒரு மாநகரத்தின் சாவியை ஒரே மனிதரின் தலைக்குள் விட்டு வைத்தது யார் குற்றம்?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும், சரியாகிவிடும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்தக் கோப்பை நெருங்கவே 48 இலக்கச் சாவி வேண்டியிருந்தது. சாவியைக் கணினியிலேயே சேமித்து வைத்த கெட்டிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். அன்று இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸை எதில் எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? காகிதத்தில், பேனாவால்!

ஆம், காகிதம். "பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது" என்று கம்ப்யூட்டர் வகுப்புகளில் ஓதிய பாடத்தைத் தூக்கி எறிய வேண்டிய நேரம் இது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே எழுதிவிட்டார்: கடினமான பாஸ்வேர்டு வையுங்கள், அதைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள் என்று. மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஜெஸ்பர் யோஹான்சனும் அதே ஆண்டில் அதைத்தான் சொன்னார். காரணம் எளிது. இணையத்தில் இருக்கும் திருடனால் செங்கோட்டையில் ஒரு வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் தவறு. பத்திரத்தோடு பூட்டி வைப்பது தவறல்ல.

ஆக, செய்ய வேண்டியது மூன்றே வேலை.

1. புதுக் கணினியைத் தன் மெயிலில், தன் போன் எண்ணில் தானே இருந்து அமைக்க வேண்டும். ஏற்கெனவே வேறொருவர் அமைத்ததென்றால், கணினி திறந்திருக்கும்போதே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு யாருடையது என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

2. மீட்புச் சாவியின் 48 இலக்கத்தையும், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

3. முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். சாவி இருந்தாலும் டிஸ்க் ஒருநாள் சாகும்.

மைக்ரோசாஃப்டிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பூட்டைத் தானாகப் போடத் தெரிந்த கணினிக்கு, "இதோ சாவி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று தமிழில் ஒரு திரை காட்டத் தெரியாதா? பூட்டு கட்டாயம், சாவியைத் தேடிக்கொள்வது உன் பாடு என்பது என்ன நியாயம்?

அதுவரை, கடை வாசலில் "ஃபார்மட் போட்டுருவோம்" என்ற குரல் கேட்டால், அந்த மாணவி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

"கோப்பை எடுத்துக் கொடுக்க முடியுமா அண்ணாச்சி? முடியாதுன்னா கணினியைத் தொடாதீங்க. வேற கடை பார்த்துக்கிறேன்."