குழந்தைகளின் சிற்றுண்டியும் வீட்டுத் தயிரும்

பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பயிர்த்தொழில் செய்து வாழும் பொருட்டு அமைந்த குடியிருப்பாகும். இன்று அங்கே கணிப்பொறி நிறுவனங்களும் அடுக்குமாடி இல்லங்களும், அவற்றைக் கட்ட வந்த தொழிலாளரின் தகரக் கொட்டகைகளும் நெருங்கி நிற்கின்றன. இவ்விரு வகை வீட்டுக் குழந்தைகளுக்கும் மாலைச் சிற்றுண்டி பெரும்பாலும் கடையிலிருந்தே வருகிறது. வசதியுள்ள வீட்டில் அது பழமணம் ஊட்டிய இனிப்புத் தயிர்க் கிண்ணம். வசதியற்ற வீட்டில் பிஸ்கட்டுப் பொட்டலம். இரண்டிற்கும் பதிலாக வீட்டில் உறையவைத்த தயிரையே நாம் பரிந்துரைக்க வேண்டும் என்பது எமது கருத்து.

இதற்குக் காரணம் சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை ஒருவரது மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கவேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் மேலும் நன்று. நாளொன்றுக்குச் சுமார் 1,300 கலோரி தேவைப்படும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டியாகும். இனிப்புத் தயிர் ஒரு கிண்ணமே இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடக் கூடும். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைப் படிக்கப் பெற்றோருக்குக் கற்பிப்பது ஆசிரியர் எளிதில் செய்யத்தக்க தொண்டு.

தயிரைப் பற்றிய அறிவியல் இவ்வூருக்குப் புதிதன்று. பால்பண்ணைக் கல்விக்கென 1923-இல் பெங்களூரில் தோன்றிய நிறுவனம் 1955-இல் கர்னாலுக்கு மாறிய பின்னரும், அதன் தென்மண்டல நிலையம் ஆடுகோடியில் இயங்கி வருகிறது. லாக்டிக் நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலத்தால் பாலின் புரதம் உறைகிறது. ஆகவே பால் ஒவ்வாத சில குழந்தைகளுக்கும் தயிர் எளிதில் செரிக்கிறது. நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

செய்முறை எளிது. பாலை நன்கு காய்ச்சி, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டிற்கு, அதாவது 40 முதல் 45 டிகிரி வரை ஆறவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி புதிய உறைமோர் கலக்கவேண்டும். சூடு மிகுந்தால் நுண்ணுயிர்கள் மடியும். மார்கழிக் குளிரில் வைட்ஃபீல்டில் தயிர் உறையத் தாமதிக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தல் போதும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத கொட்டகையில் அன்றன்றைக்கு வேண்டிய அளவே உறை ஊற்றி, அன்றே உண்ணச் செய்யவேண்டும்.

இத்தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் கெட்டியாகும். அதில் மசித்த வாழைப்பழத்தையோ மாம்பழத்தையோ கலந்தால் சர்க்கரையின்றியே இனிக்கும். துருவிய வெள்ளரியும் காரட்டும் சேர்த்துச் சப்பாத்தியில் தடவித் தரலாம். இப்பகுதிக்கே உரிய கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சி, ஆறியபின் தயிர் கலந்து கொடுப்பது மிகச் சிறந்தது. கேழ்வரகு நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. பச்சை அன்னாசியைத் தயிரில் கலந்து வைக்கலாகாது. அதன் நொதி புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. சிறு குழந்தைகளுக்கு முழுத் திராட்சையும் முழுக் கொட்டைகளும் தொண்டையில் அடைக்கக்கூடும்.

தயிர் சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதன் சுண்ணாம்புச் சத்து இரும்பு உடலிற் சேர்வதையும் ஓரளவு தடுக்கும். எனவே பள்ளியில் இரும்புச் சத்து மாத்திரை தரும் வேளையில் தயிர் வேண்டா. கீரையும் பயறும் உணவில் தனியே இடம்பெறட்டும்.

கர்நாடக அரசு 2013 முதல் ‘க்ஷீர பாக்கிய’த் திட்டத்தால் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் வழங்கி வருகிறது. அரசு பள்ளியில் ஊட்டும் சத்தை வீட்டுச் சிற்றுண்டி வீணாக்கலாகாது. களப்பணியாளர் தாய்மார் கூட்டத்தில் அறிவுரை கூறுவதோடு நில்லாது, ஒரு கிண்ணம் தயிரும் ஒரு வாழைப்பழமும் கொண்டு சென்று கண்ணெதிரே செய்துகாட்டுவாராக. குழந்தை அதை விரும்பி உண்பதைக் கண்ட தாய்க்கு வேறு சான்று தேவையில்லை.