‘அ’வுக்கு முன்னால் ‘ட’



சென்ற முறை பிள்ளைகள் காலையில் பசியாறாமல் பள்ளிக்கு வருவதைப் பற்றிப் பேசினோம். இம்முறை எழுத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு தகப்பனார்.

பள்ளி திறந்து ஐந்தாவது வாரம். மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். செம்பனைக் குலை வெட்டும் வேலை அவருக்கு. காலணியில் சேறு இன்னும் காயவில்லை. கையில் மகனுடைய நோட்டுப் புத்தகம்.

“டீச்சர், நீங்களே பாருங்க. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார வெச்சேன். இன்னும் ‘அ’ வரல. இங்க வந்தா மணலைக் கிளறுறான், மாவு பிசையிறான். ஒண்ணாம் வகுப்புல போயி என்னதான் பண்ணுவான்?”

வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்க ‘அ’. பென்சில் அழுந்தி அழுந்தி இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கடைசி வரிகளில் ஈரம் பட்டுத் தாள் உப்பியிருந்தது. அது குடிக்கிற தண்ணீர் சிந்தியதல்ல என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரே எழுதப் படிக்கத் தடுமாறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, மூன்றாம் படிவத்தோடு வேலைக்காட்டுக்கு வந்தவர். மகனும் அந்த வரிசையில் உட்காரக்கூடாது என்பது அவருடைய பயம். டவுனில் வேறொரு பாலர் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். எங்கள் வகுப்பில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். ஒரு நாற்காலி காலியானாலும் கண்ணில் படும்.

“அண்ணே, ஆறு மாசம் எனக்குக் கொடுங்க. அதுவரைக்கும் வீட்டுல பென்சிலை மட்டும் ஒளிச்சு வெச்சுடுங்க” என்றேன். அரை மனதோடு தலையாட்டிவிட்டுப் போனார். அவரிடம் வாசலில் நின்று சொல்ல முடியாததை உங்களுக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் எலும்பு இன்னும் முழுமையாகக் கெட்டிப்படவில்லை. விரல் தசைகளுக்கும் போதிய பலம் வந்திருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ‘அ’ எழுதச் சொன்னால் என்ன ஆகும்? நம்முடைய ‘அ’வைச் சற்று உற்றுப் பாருங்கள். சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், நேராக இறக்க வேண்டும். பெரியவர்களான நமக்குப் பழகிவிட்டதால் எளிதாகத் தெரிகிறது. நிறுத்தி நிறுத்தி இடது கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள், பிள்ளையின் பாடு புரியும்.

விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுகிறோமே, அது தவறா என்று கேட்காதீர்கள். அது நல்ல நாள், நல்ல வழக்கம். என் மகளுக்கும் அப்படித்தான் செய்தோம். மறுநாளிலிருந்து ‘ட’வில் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அதுதான் ‘ட’. அதற்கு வலப்பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பினால் ‘ப’. அந்தச் சுவரைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் ‘ம’. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது பாருங்கள்! தமிழ்நாட்டிலும் இப்படி வடிவத்தை வைத்து எழுத்தை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை உண்டு. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் தெரிந்துகொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களையே படித்துவிடலாம். ஒரு சொல்லைத் தானே படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பிறகு அடுத்த எழுத்தை அவனே கேட்பான்.

247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைத்துவிடுகிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் உயிர்மெய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி உருவம் இல்லை. கால், கொம்பு, விசிறி என்று துணைக் குறிகள்தாம் மாறி மாறி வந்து ஒட்டிக்கொள்கின்றன. உகர, ஊகார வரிசை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

இதை எங்கள் வகுப்பில் எப்படி விளையாடுகிறோம் தெரியுமா? சிமெந்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய ‘ம’ ஒன்று வரைவேன். ஒரு பிள்ளை ரப்பர் கொட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலையில் வைக்கும். உடனே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்பார்கள். கொட்டையை எடுத்தால் வாயைத் திறந்து ‘ம’. வைத்தால் மூடு, எடுத்தால் திற. மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. பிறகு ஒரு பிள்ளை ‘ப’வின் பக்கத்தில் போய் விறைப்பாக நிற்பான். “நான்தான் கால்!” என்பான். மற்றவர்கள் ‘பா’ என்று நீட்டுவார்கள். கால் ஓடிவிட்டால் ‘ப’. இந்த விளையாட்டில் காலாக நிற்பதற்குத்தான் எப்போதும் சண்டை.

மணலைக் கிளறுகிறான் என்று அந்தத் தகப்பனார் குறைப்பட்டுக்கொண்டாரே, அந்த மணலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் முன்னோர்களின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் கற்றார்கள். 1789-இல் சென்னையில் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நாட்டுப்புறப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். தாயகம் திரும்பி 1797-இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1907-இல் ரோம் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார். அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆக, நம் திண்ணையில் இருந்ததுதான் உலகத்தைச் சுற்றிவிட்டு நம்மிடமே வந்திருக்கிறது. நாம்தான் கூச்சப்படுகிறோம்!

நாம் போர்டிக்சன் வட்டாரத்துக்காரர்கள். மணலுக்குப் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போகிறவர்கள், அலை வடிந்த ஈர மணலில் பிள்ளையை ஒரு ‘ட’ போடச் சொல்லுங்கள். குச்சியால் வேண்டாம், விரலால். அலை வந்து அழித்தால் அழட்டும், மறுபடி போடலாம். வீட்டிலும் தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். கீரை ஆயக் கொடுங்கள். சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள். துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கப் போகிற விரல்கள் இப்படித்தான் தயாராகின்றன.

இனி பருவங்களைப் பற்றி. இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து வந்த முதல் ஆண்டு, கடையில் வாங்கிய அட்டைகளை வகுப்புச் சுவரில் மாட்டினேன். பனிமனிதன், சிவந்த மேப்பிள் இலை, கம்பளிச் சட்டை போட்ட பிள்ளை. ‘பனிக்காலம்’ என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், இது ஐஸ் கச்சாங்கா?” என்று கேட்டாள். சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் சரியாகத்தான் கேட்டாள். தவறு என் சுவரில் இருந்தது.

நமக்குப் பருவமே இல்லை என்கிறார்கள். பால்வெட்டு வீட்டில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகி இலை கொட்டிவிடும். பால் குறையும், அம்மாவின் வருமானமும் குறையும். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் கருவாடுதான். பிறகு செம்பு நிறத்தில் தளிர். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுப்பகல் வெயிலில் காய்கள் ‘படார் படார்’ என்று வெடிக்கும். கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வடகிழக்குப் பருவக் காற்றுக்குச் சற்று முன்னால் வருகிற மழையோடு தீபாவளி. இதெல்லாம் பருவம் இல்லாமல் வேறென்ன?

ஒரு வருத்தம். இந்த வட்டாரத்தில் ரப்பர் காடுகள் பலவும் செம்பனையாகிவிட்டன. செம்பனை ஆண்டு முழுக்க ஒரே பச்சை. இலையும் கொட்டாது, காயும் வெடிக்காது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. என் வகுப்பில் இப்போது ரப்பர் காய் வெடிக்கும் ஓசையைக் கேட்ட பிள்ளைகள் இரண்டு பேர்தான். புகைமூட்டத்தை மட்டும் எல்லாருக்கும் தெரியும். 2015-இல் புகையால் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூடினார்கள் அல்லவா? 2019-இலும் அப்படித்தான். அதையும் ஒரு பருவமாகவே நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் தேடிப் போகிறேன். எஞ்சியிருக்கும் ரப்பர் மரங்களின் அடியில் பிப்ரவரியில் இலை பொறுக்குகிறோம். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும். எண்ணுவதற்கும் ஆயிற்று, தரையில் வரைந்த ‘ட’வின் மேல் அடுக்குவதற்கும் ஆயிற்று. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முழுக்க இன்னொரு வேடிக்கை உண்டு. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தின் பக்கம் வானத்தைப் பாருங்கள். குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து கரையேறும். வடக்கே வெகுதூரம் போக வேண்டிய பறவைகள் அவை. வெயில் ஏறிய நேரத்தில், கரையின் சூடான காற்றில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? அந்த வாரம் எங்களுக்கு ‘ப’ வாரம். ப, பருந்து, பறவை, படகு. கைகளை விரித்து வகுப்பைச் சுற்றிப் பறந்துவிட்டு வந்து மணலில் ‘ப’ போடுவார்கள்.

பாட்டிமார்களுக்கு ஒரு சொல். ஒரு பேரன் ‘யானை’ என்று எழுதிக் காட்ட, பாட்டி தப்பு என்று அடித்துவிட்டார். பிள்ளை குழம்பிப்போய் என்னிடம் வந்தான். பாட்டி எழுதிக் காட்டிய ‘னை’க்கு முன்னால் தும்பிக்கைபோல ஒரு வளைவு இருந்தது. அவர் படித்த காலத்தில் அதுதான் சரி. பெரியார் 1935-லேயே தம் ‘குடிஅரசு’ ஏட்டில் மாற்றிக் காட்டிய எழுத்துகளை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் நம் நாட்டிலும் அவை வழக்கத்துக்கு வந்தன. நான் பாட்டியை வகுப்புக்கே அழைத்து அந்தப் பழைய ‘னை’யைப் பலகையில் எழுதச் சொன்னேன். “யானைக்குத் தும்பிக்கை இருந்துச்சு, நீங்கதான் வெட்டிப்புட்டீங்க” என்றார். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அந்தப் பழைய எழுத்துதான் மிகவும் பிடித்துப்போயிற்று!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ரப்பர் கொட்டை விளையாடத்தான், வாயில் போட அல்ல. பச்சைக் கொட்டையில் நச்சு இருக்கிறது. தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். எண்ணிக் கொடுங்கள், எண்ணித் திரும்ப வாங்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை உள்ள வீடுகளில் பாட்டில் மூடியே போதும். அதுவும் வாய்க்குள் போகாத அளவில் பெரிய மூடியாக இருக்கட்டும்.

அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் இரண்டு மாதம் பென்சிலைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். நானும் கொடுக்கவில்லை. மணலில் ‘ட’ போட்டான், ‘ப’ போட்டான். ஜூன் மாதம் ஒருநாள் சுவரில் இருந்த காற்றாடிப் படத்தின் கீழே நின்று, எழுத்தெழுத்தாக விரலை வைத்துப் ‘பட்டம்’ என்று படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவனே வந்து பென்சில் கேட்டான். ‘அ’ இன்னும் கோணல்தான். தாள் கிழிவதில்லை.

தகப்பனார் பள்ளியை மாற்றவில்லை. போன வாரம் மறுபடி மோட்டார் சைக்கிளில் வந்தார். பத்து கிலோ அரிசிப் பையில் முக்கால் பை ரப்பர் கொட்டை. லிங்கிப் பக்கம் யாரோ ஒருவருடைய சிறு தோட்டத்தில் பொறுக்கியதாம்.

“டீச்சர், நாங்க சின்னப்புள்ளையில இதை வெச்சு விளையாடித்தான் அடி வாங்குவோம். இப்ப நீங்க பாடமே நடத்துறீங்க” என்று சிரித்தார்.

பாதிக்கு மேல் பூச்சி அரித்தவை. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, வகுப்பின் பின்பக்கம் காயவைத்திருக்கிறோம். வேண்டுமென்கிற அக்கம்பக்கத்துப் பாலர் பள்ளி ஆசிரியைகள் ஆளுக்கு ஒரு டின் பாலுக்குரிய அளவு எடுத்துக்கொள்ளலாம், டின்னை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.