முன்வரிசைக்கு எத்தனை பேர்?

சென்ற மாதம் மூன்று பேர் என் வீடு தேடி வந்தார்கள். கண்டி நகருக்கு வெளியே உள்ள சிறிய பாடசாலை ஒன்றின் பழைய மாணவர்கள். ஒருவர் கொழும்பில் வங்கி அதிகாரி. ஒருவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் கடை. மூன்றாமவர் மெல்பேர்னிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். தங்கள் பாடசாலையின் றக்பி அணி கீழ்ப்பிரிவில் நன்றாக ஆடிவிட்டதாம், மேற்பிரிவுக்கு ஏறும் வாய்ப்புக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதாம், அதிபர்தான் தயங்குகிறாராம். "நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் அதிபர் அசைந்துவிடுவார், சேர்" என்றார் வங்கி அதிகாரி.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "முன்வரிசைக்கு உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "அதைப் பயிற்றுநரிடம்தான் கேட்கவேண்டும்" என்றார் மெல்பேர்ன்காரர். தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள். கட்டுரை கேட்டார்கள், தருகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட கட்டுரை இதுவல்ல.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். றக்பி அணியில் பதினைந்து பேர். ஸ்கிரம் என்ற தள்ளுமுள்ளில் அணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரணியோடு மோதுவார்கள். அதில் முன்னால் நிற்கும் மூவரின் கழுத்திலும் தோளிலும்தான் இரு பக்கத்துப் பாரமும் இறங்கும். ஆகவே அந்த இடத்துக்கு ஓடத் தெரிந்தவன், பந்து பிடிக்கத் தெரிந்தவன் என்று யாரையும் நிறுத்திவிட முடியாது. அதற்கென்றே பழக்கப்பட்டவன் வேண்டும். 23 பேரோடு களமிறங்கும் அணியில் அப்படிப் பழகியவர்கள் குறைந்தது 6 பேர் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்கிரம்மை ஒன்றரை மீற்றருக்குமேல் தள்ளக்கூடாது என்றும் விதி இருக்கிறது. பிள்ளைகளின் முதுகெலும்பை நினைத்து எழுதிய விதிகள் இவை.

இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர் படிக்கும் பாடசாலைக்கு ஆறு பேரைத் தேடுவது பெரிய காரியமல்ல. மேல்வகுப்புகளில் மொத்தமே இருநூறு பையன்கள் உள்ள பாடசாலை எங்கே போகும்? அதிலும் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு அவன் களத்தில் கால் வைக்கக்கூடாது. வாரம் ஒரு போட்டி என்றால் இரண்டு அல்லது மூன்று போட்டிகள் போயின. அவன் இடத்தில் நிற்கப்போவது யார்?

யார் நின்றான் என்பதை நான் ஒருமுறை கண்ணால் கண்டேன். ஆண்டையும் பாடசாலையையும் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருப்பார்கள். புதிதாக மேலே ஏறிய அணி. இடைவேளைக்கு முன்பே முன்வரிசையில் இருவர் நொண்டிக்கொண்டு வெளியேறினர். பயிற்றுநர் பின்வரிசையிலிருந்து மெலிந்த பையன் ஒருவனை அழைத்து முன்னே நிறுத்தினார். முதல் ஸ்கிரம்மிலேயே அவன் மடிந்து விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். நல்லவேளையாக நடுவர் மனிதர். அதற்குமேல் தள்ளக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அன்றிரவு நான் அலுவலகத்துக்கு அனுப்பிய செய்திக்கு என்ன தலைப்புக் கொடுத்தேன் தெரியுமா? "படுதோல்வி." புள்ளிகளை எழுதினேன், எதிரணியில் 'ட்ரை' வைத்தவர்களின் பெயர்களை எழுதினேன். அந்தப் பையன் ஏன் அங்கே நின்றான் என்று ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுதுவது ஒருவகையில் அந்தக் கடனை அடைப்பதற்காகத்தான்.

நமது பாடசாலை றக்பியில் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்றும் முதற்பிரிவுக்குள்ளேயே உட்பிரிவுகள் என்றும் ஏணி அமைத்திருக்கிறார்கள். வென்றவன் ஏறுகிறான், தோற்றவன் இறங்குகிறான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு வென்ற அணி இந்த ஆண்டு இருப்பதில்லை என்பதை ஏணி கட்டியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாடசாலை அணி ஒரு கழகமல்ல. நல்ல தொகுதி ஒன்று வரும். இரண்டு பருவம் ஆடும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடும். அண்ணன்மார் வென்று வாங்கிய இடத்துக்குத் தம்பிமார் போய் அடிவாங்குகிறார்கள். பெரிய பாடசாலையில் அண்ணனுக்குப் பின்னால் நாற்பது தம்பிகள் வரிசையில் நிற்கிறார்கள். சிறிய பாடசாலையில் நான்கு பேர்.

கண்டியில் இந்த விளையாட்டு எப்படி வேரூன்றியது என்பதைப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் கிங்ஸ்வூட் கல்லூரியாகப் பின்னர் பெயர்பெற்ற பள்ளியைத் தொடங்கியபோது அதில் படித்தவர்கள் 11 மாணவர். ஒரு றக்பி அணிக்குக்கூடப் போதாது! அந்தச் சிறு பள்ளியில்தான் இலங்கைப் பாடசாலை றக்பி பிறந்தது என்பது வரலாறு. பாடசாலைகளுக்கிடையிலான முதல் போட்டி 1906இல்தான் நடந்தது. எதிராளி கொழும்பிலிருந்து வரவில்லை; இதே ஊரின் திரித்துவக் கல்லூரிதான். போகம்பறையில் 6-6 என்று சமநிலையில் முடிந்த ஆட்டம். பக்கத்துப் பள்ளியோடு மோதித்தான் இந்த ஊர் றக்பி கற்றது. திரித்துவமும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடயத்தின் மதிப்பை எந்தப் பிரிவும் கொடுக்கவில்லை. எந்தப் பிரிவும் பறிக்கவும் முடியாது. பழக்கமும் உறவும் தந்த மதிப்பு அது.

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் ஒன்று வலுவானது. அதை மறைப்பது நேர்மையாகாது.

கீழ்ப்பிரிவில் ஆடும் பையனை எவரும் பார்ப்பதில்லை என்கிறார்கள். உண்மைதான். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவனுக்கு விளையாட்டோடு உத்தியோகமும் கிடைக்கிறது. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறிவந்து கண்டியில் படிக்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. தேயிலைத் தோட்டத் துரைமார் டிக்கோயாவிலும் டிம்புளவிலும் கழகம் அமைத்து றக்பி ஆடிய காலத்தில் அவன் பாட்டன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றவன். பேரன் உள்ளே வந்திருக்கிறான். அவன் வாய்ப்பைக் கெடுக்க நான் யார்?

ஆனால் தேர்வாளர்களின் சோம்பலுக்கு விலை அந்தப் பையனின் கழுத்தா? இரண்டாம் பிரிவுப் போட்டிகளைப் பார்க்கத் தேர்வாளர்கள் வருவதில்லை என்றால், அவர்களை வரவழைக்கப் போராடுங்கள். மாகாண அணியில் கீழ்ப்பிரிவுப் பாடசாலைகளுக்கு இடம் கேளுங்கள். அதைவிட்டுப் பள்ளியையே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் காலடியில் வைப்பானேன்?

கண்டி விளையாட்டுக் கழகத்தைப் பாருங்கள் என்பது இன்னொரு வாதம். 1992இல் கண்டிக் கழகம் முதன்முதலாக லீக் கிண்ணத்தை வென்று கொழும்பின் ஆதிக்கத்தை உடைத்தபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது வளர்ந்த ஆண்களின் கழகம். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆளை அழைத்துவரலாம். பாடசாலையோ தன் வாசலுக்குள் நுழையும் பிள்ளைகளைக் கொண்டுதான் ஆடவேண்டும்.

வேண்டும் என்றேன், ஆடுகிறார்களா? மேலே ஏறியதும் பணம் திரட்டுகிறார்கள். 115 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்புக்குப் போய்வரும் பஸ் செலவு, சாப்பாடு, சம்பளம் பெறும் பயிற்றுநர், உடற்பயிற்சிக் கூடம். அதுவும் போதாதபோது "புலமைப்பரிசில்" என்ற அழகான பெயரில் அயல்பள்ளியின் தடித்த பையனைக் கொண்டுவருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அதே மைதானத்தில் புழுதி குடித்தவன் வாங்கில் உட்காருகிறான். அணி மேற்பிரிவில் நிலைத்துவிட்டது என்று பழைய மாணவர் சங்கம் விருந்து வைக்கிறது. நிலைத்தது யாருடைய அணி?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் 'கால்பந்து', றக்பியின் பங்காளி. 2023 முடிவதற்குள் பசிபிக் கரையின் பழம்பெரும் லீக்கிலிருந்து பன்னிரண்டில் பத்து உறுப்பினர் வெளியேறத் தீர்மானித்துவிட்டனர். தொலைக்காட்சிப் பணம்தான் பெருங்காரணம். பசிபிக் பக்கத்து ஸ்டான்போர்ட், அத்திலாந்திக் கரையின் லீக்கில் சேர்ந்தது! கால்பந்தின் உச்சப் பிரிவுக்கு ஏற விரும்பும் பல்கலைக்கழகம் செலுத்தவேண்டிய கட்டணம் அதே ஆண்டில் 5,000 டொலரிலிருந்து 50 இலட்சம் டொலராக உயர்ந்தது. அங்கேயும் சிலருக்குப் புத்தி வந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் சிறிய செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம், முதற்பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் கால்பந்தையே கைவிட்டு, 1969இல் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. இறங்கியதால் அதன் கல்விப் புகழ் குன்றவில்லை.

குறை சொல்வதோடு நிறுத்துவது எழுத்தாளனுக்கு அழகல்ல. ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: மேலே ஏறும் தகுதிபெற்ற எந்தப் பாடசாலைக்கும் தண்டமோ அவப்பெயரோ இன்றி அதை மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்கவேண்டும். ஏறச் சம்மதிக்கும் பாடசாலை, பழக்கப்பட்ட முன்வரிசை வீரர் ஆறு பேரைப் பருவம் தொடங்குமுன் காட்டவேண்டும்.

இரண்டு: எந்தப் பிரிவில் இருந்தாலும் கண்டிப் பாடசாலைகள் ஆண்டுதோறும் தமக்குள் ஆடும் போட்டிகளை எந்த மறுசீரமைப்பும் தொடக்கூடாது. பலம் ஒவ்வாத இடத்தில் பெரிய பாடசாலை தன் இரண்டாம் அணியை அனுப்பட்டும். அதில் எவருக்கும் இழுக்கில்லை.

மூன்று: மருத்துவரும் அம்புலன்சும் முதற்பிரிவின் ஆடம்பரங்கள் அல்ல. கடைசிப் பிரிவின் கடைசிப் போட்டியிலும் அவை இருக்கவேண்டும்.

என்னைத் தேடிவந்த நண்பர்களே, நீங்கள் உங்கள் பாடசாலையை நேசிக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஸ்கிரம்மில் குனியப்போவது நீங்களல்ல. ஒரு பையன் கழுத்தில் பட்டியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால், அவன் தாய்க்குப் பதில் சொல்லப்போவதும் நீங்களல்ல, அந்த அதிபர். அவர் தயங்குகிறார் என்றால் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்று பொருள். அவரை அசைக்க என்னிடம் கட்டுரை கேட்காதீர்கள். நாளைக்கே மைதானத்துக்குப் போய், முன்வரிசைக்கு எத்தனை பேர் என்று நீங்களும் எண்ணிப் பாருங்கள்.