படம் வரைய வராது என்று யார் சொன்னது?

"எனக்கு டிராயிங் சுத்தமா வராதுப்பா."

இந்த வசனத்தைச் சொல்லாத நண்பன் ஒருவன்கூட எனக்கு இல்லை. பத்தாம் வகுப்பு வரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவியல் தேர்வில் நான் வரைந்த இதயம் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். பாகங்களின் பெயரெல்லாம் சரியாக எழுதியிருப்பேன், படத்துக்கான மதிப்பெண் மட்டும் போய்விடும்.

இப்போது ஓரளவு வரைகிறேன். ஓவியன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஆனால் அப்பத்தாவை வரைந்தால் அது அப்பத்தாதான் என்று வீட்டில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இடையில் எந்தச் சாமியும் வந்து எனக்கு வரம் கொடுக்கவில்லை. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறவித் திறமை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பழக்கம்தான். அந்தப் பழக்கமும் கைக்கு வருவதற்கு முன்னால் கண்ணுக்கு வரவேண்டும்.

நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். திருச்சுழி என்றதும் எல்லோருக்கும் 1879-ல் இங்கே பிறந்த ரமணர் ஞாபகம் வரும். அவருடைய திருவண்ணாமலை ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டே ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் போன சாமி காலண்டர்களில் எத்தனையோ படங்கள் அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை. அந்தச் சீடர்கள் கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. குருவோடு இருந்து, அவர் வரைவதைப் பார்த்துப் பார்த்து, கூடவே வேலை செய்து பழகினார்கள். 'இவனுக்கு வரும், அவனுக்கு வராது' என்று ஆறாம் வகுப்பிலேயே பிரித்துவைத்திருந்தால் நம் வீட்டுச் சுவர்களில் பாதி வெறுமையாக இருந்திருக்கும்.

நம் பள்ளிகளில் நடப்பது அதுதான். நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு கால அட்டவணையில் மட்டும் இருந்தது. அந்த நேரம் வந்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார். 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஒரு பாடத்தை எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மதுரையில் தனி வகுப்புக்குப் போய்விடும். திருச்சுழிப் பிள்ளைக்குக் கிடைப்பது 'உனக்கு வராது' என்ற ஒரு சொல்தான்.

சரி, புலம்பியது போதும். எனக்குப் பலன் கொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

1. தெரிந்ததை வரையாதீர்கள், தெரிவதை வரையுங்கள். பனைமரம் வரையச் சொன்னால் எல்லோரும் இரண்டு கோடும் மேலே ஒரு விசிறியும் போடுவோம். கண்மாய்க் கரையில் நிற்கிற ஒரு பனையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அடி பருத்திருக்கும், நடுவில் லேசாக வளைந்திருக்கும், காய்ந்த மட்டைகள் தொங்கும். உங்கள் மனதில் இருந்த பனை வேறு, எதிரே நிற்கிற பனை வேறு.

2. படத்தைத் தலைகீழாக வைத்து வரையுங்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் வெளியிட்ட புத்தகத்தில் உள்ள பயிற்சி இது. தலைகீழாக இருக்கும்போது மூக்கு மூக்காகத் தெரியாது, வெறும் கோடாகத் தெரியும். அதனால் உள்ளபடி வரைவோம். நான் முருகன் காலண்டரைக் கவிழ்த்து வைத்து வரைந்துகொண்டிருந்தேன். "ஏன்டா, சாமியப் போய்த் தலகீழா வச்சிருக்க, வெளங்குமாடா?" என்று அப்பத்தாவிடம் நல்ல வசவு கிடைத்தது. ஆனால் முடித்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால், அதுவரை நான் வரைந்ததிலேயே நல்ல முகம் அதுதான்!

3. இடைவெளியை வரையுங்கள். சீமைக்கருவேல மரத்தில் கிளைகளை விட்டுவிட்டு, கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவங்களை மட்டும் வரைந்தால் மரம் தானாக வந்துவிடும்.

4. ஒன்றையே பல தடவை வரையுங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல் ஓவியர் ஆதிமூலம் ஏறக்குறைய நூறு காந்தி கோட்டோவியங்கள் வரைந்தார். அவ்வளவு பெரிய கலைஞரே ஒரே மனிதரிடம் அத்தனை முறை திரும்பிப் போகிறார். நாம் ஒரு தடவை வரைந்துவிட்டு 'வரலை' என்கிறோம்.

5. ரப்பரை ஒளித்து வையுங்கள். தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். எங்கே தவறினோம் என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கும் முறை பற்றிப் பலர் கேட்பார்கள். சினிமா பேனர் வரைந்தவர்களின் பழைய முறை அது. அளவு தப்பாமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் எப்போதும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் கட்டம் இல்லாத இடத்தில் கை நின்றுவிடும். காலண்டர் பார்த்து வரைவதும் அப்படித்தான். தொடங்குவதற்கு நல்லது, அதிலேயே தங்கிவிடக் கூடாது.

பொருளுக்குக் காசில்லை என்று சொல்ல நமக்கு வழியே இல்லை. கடையில் ஓவியக் கரி என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம்ம பக்கம் ஊருக்கு ஊர் கரிமூட்டம் இருக்கிறது. மூட்டம் பிரித்த இடத்தில் ஒல்லிக் குச்சிக் கரி சும்மா கிடக்கும். கடைக் கரி அளவுக்கு மென்மை இருக்காது, ஆனால் பழைய செய்தித்தாளில் வரைந்து பழக அது போதும்.

"கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினால் படம் வந்துவிடுகிறதே, நாம் ஏன் வரையவேண்டும்?" என்று ஒரு வகுப்புத் தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். படம் வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பத்தாவின் கையை நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தபோதுதான், அவருடைய வலது கைச் சுண்டுவிரல் கோணலாக இருப்பதைப் பார்த்தேன். பருத்தி எடுக்கப் போன காலத்தில் வரப்பில் விழுந்து முறிந்ததாம். பதினெட்டு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான். அதை எந்தக் கம்ப்யூட்டர் எனக்குக் காட்டியிருக்கும்?

சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மெதுவாக வரும் என்பதை நான் மறுக்கவில்லை. மாரத்தானில் ஜெயிக்க முடியாது என்பதற்காக யாரும் நடக்காமல் இருப்பதில்லையே. மார்கழியில் வாசலில் 21 புள்ளிக் கோலத்தை ஒரு தப்பில்லாமல் போடுகிற எங்கள் அம்மாவும் "எனக்குப் படமெல்லாம் வராது" என்றுதான் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

நாளைக் காலையில் வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பை வரையுங்கள். கேவலமாகத்தான் வரும். தேதி போட்டு வையுங்கள், கிழித்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே செருப்பை மறுபடி வரைந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் 'எனக்கு வராது' என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.