முழங்காலை உடைத்துத்தான் உடம்பைக் குறைக்க வேண்டுமா?



ஜும்ஆவுக்குப் போனால் பின்வரிசையைப் பாருங்கள். கதிரையில் இருந்து தொழுகிறவர்கள் எல்லோரும் எழுபது வயதுக்காரர்கள் இல்லை. நாற்பத்தைந்து, ஐம்பதும் அங்கேதான் இருக்கிறது. ஸுஜூதுக்குப் போக முழங்கால் விடுவதில்லை. உடம்பைக் குறைக்கப் போய் அந்தக் கதிரைக்கு வந்தவர்களும் அதில் உண்டு. என் கோபம் அதில்தான்.

நமது வட்ஸ்அப் குரூப்களில் "30 நாளில் 10 கிலோ" என்று ஒரு வீடியோ வரும். ஸ்கிப்பிங், துள்ளல், ஓட்டம். ஐந்து வருடமாக எந்தப் பயிற்சியும் செய்யாத, 90 கிலோ உள்ள ஒருவர் அதைப் பார்த்துச் சீமெந்துத் தரையில் துள்ளுகிறார். பத்தாம் நாள் முழங்கால் வீங்குகிறது. பிறகு தைலம் பூசிக்கொண்டு உட்கார்ந்தால், இருந்த எடையும் கூடுகிறது. நானும் இந்த முட்டாள்தனத்தைச் செய்தவன்தான். ஒரு மாதம் வகுப்பறைப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.

"வலிக்காமல் மெலிய முடியாது" என்கிற தம்பிமாரே, கணக்கைப் பாருங்கள். செயற்கை முழங்காலுக்குள் கருவி வைத்து ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் மூட்டில் விழுகிறது. படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 90 கிலோ ஆளுக்கு அது 300 கிலோவுக்கும் மேல். துள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஓட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழகியவர் ஓடட்டும். எடை குறைந்து, தொடைத் தசை பலமான பிறகு நீங்களும் ஓடலாம். முதல் நாளே ஓடச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்த வீடியோ எடுத்தவருக்கு ஹட்டனும் தெரியாது. பாவாத மலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். ஆகவே ஏற்றத்தை நடந்து ஏறுங்கள், இறக்கத்துக்கு பஸ் எடுங்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பஸ் இல்லையென்றால் சின்ன அடி வைத்து, ஒரு தடியோடு மெதுவாக இறங்குங்கள். சமதரை வேண்டுமென்றால் டன்பார் மைதானத்தைச் சுற்றுங்கள். மழை நாளில் வீட்டுக்குள் நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு கதிரையும் போதும். கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்காருங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். தொடை பலமானால் மூட்டின் பாரத்தை அது பங்கு போட்டுக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும்தான். அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் கணக்கு முடிந்தது.

எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பையில்தான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்று பயானில் கேட்டுவிட்டு வந்து, பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறோம். முழங்கால் தேய்ந்தவர்களை வைத்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. இரண்டு கிலோ குறைந்தாலும் வீண்போகாது.

கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் அக்காமாருக்கு "இன்னும் நடங்க" என்று புத்தி சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தேவை ஓய்வும் தொடைப் பலமும்.

விடியக்காலையில் நடக்கிற நம் பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களே, நாளைக்கு சீனி கிளினிக்குக்குத் துணையாகப் போகப் போகிறவர்களும் நீங்கள்தான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைப் பெற்றோரும் மனது வைத்தால், ஒரு மண்டபத்தைப் பெண்களுக்கு என்று ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். சமதரை, கூரை, மறைப்பு மூன்றும் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

முழங்கால் வீங்கினால், இறுகினால், நடக்கும்போது நெஞ்சு வலித்தால் டொக்டரிடம் போங்கள். இன்னொரு வீடியோ தேடாதீர்கள். அடுத்த முறை அப்படியொன்றை ஃபோர்வர்ட் பண்ண முன்னம், அதைப் பார்க்கப் போகிற உங்கள் உம்மாவின் முழங்காலை ஒருக்கா நினைத்துப் பாருங்கள்.