மருந்தும் அளவும்

ஆனி ஆடியில் ஒரு மழையும், ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழையும் பெறுவது நம் ஜில்லாவின் பாக்கியம். ஆனால் அம்மழைகள் வயலுக்கு நீரைக் கொணர்வதோடு வீட்டிற்குக் காய்ச்சலையும் கொணர்கின்றன. அக்காலங்களில் நம் வீடுகளுள் எதில் நுழைந்தாலும், சன்னலோரத்திலோ அடுக்களைத் தட்டிலோ, இனிப்பும் நிறமும் ஊட்டிய காய்ச்சல் மருந்துக் குப்பி ஒன்று நிற்பதைக் காணலாம். குழந்தையின் உடம்பு சுட்டவுடனே தாய் அதைத் திறக்கிறாள். கைக்கு எட்டிய கரண்டியில் வார்க்கிறாள். குழந்தையின் வாயில் ஊற்றுகிறாள். இச்செயலில் அன்பு நிறைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. அளவும் இருக்கிறதா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியை நாம் விருந்தில் நினைக்கிறோம், மருந்தில் மறந்துவிடுகிறோம்.

2025-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிகழ்ந்த துயரம் இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா ஜில்லாவில், சளிக்கும் காய்ச்சலுக்குமாகக் கோல்ட்ரிஃப் என்னும் திரவ மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள், சிறுநீர் பிரியாது, சிறுநீரகம் பழுதுற்று, இருபது பேருக்கு மேல் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர். அம்மருந்து செய்யப்பட்ட இடமோ நம் தமிழ்நாட்டிலேயே, காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த சுங்குவார்சத்திரத்திலுள்ள ஸ்ரீசன் மருந்தாலை. தமிழ்நாட்டு அதிகாரிகள் அதைச் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் கலந்திருக்கக் கண்டனர். அந்நஞ்சு 0.1 சதவீதத்திற்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. அந்த அக்டோபரிலேயே அவ்வாலையின் உரிமம் ரத்துச் செய்யப்பட்டது.

இந்நஞ்சின் சரித்திரம் புதியதன்று. 1937-ல் அமெரிக்காவில் சல்பானிலமைடு என்னும் மருந்தை இதிற் கரைத்து விற்றதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அதன் பயனாகவே 1938-ல் அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 1990-ம் ஆண்டை அடுத்து வங்கதேசத்திலும், 2022-ல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும், குழந்தைகளுக்கான திரவ மருந்துகளே யமனாக வந்தன. இந்நஞ்சு இனிப்பானது, ஆகவே கண்ணாலும் நாவாலும் இதைக் கண்டறிய ஒரு தாயால் இயலாது. ஆலையின் வாசலில் இதைத் தடுத்து நிறுத்துவது அரசாங்கத்தின் கடமை. அக்கடமையில் தவறுபவர் யாராயினும் அவர்க்கு இரக்கம் காட்டுதல் தகாது. நாம் செய்யக்கூடியவை சிலவே: உரிமம் பெற்ற கடையில் முத்திரை குலையாத குப்பியை ரசீதுடன் வாங்குதல், தொகுதி எண்ணைக் குறித்துவைத்தல், மருந்து உண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல்.

ஆனால், மருந்து நஞ்சாகும் வாசல் ஆலையின் வாசல் ஒன்று மாத்திரமன்று. நம் அடுக்களை வாசலும் அத்தகையதே. அங்கே காவல் நிற்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. குற்றமற்ற ஆலையில் செய்த குற்றமற்ற மருந்தும், அளவறியாத கையில் அகப்பட்டால் தீங்கு விளைக்கும். சிந்துவாராச் செய்தியைப் படித்துப் பதறிய நம்மிற் பலர், அன்று மாலையே அளவில்லாக் கரண்டியில் வேறொரு மருந்தை வார்த்துக் கொடுத்திருப்போம்.

1838-ல் லண்டன் மிஷன் சங்கத்தார் நெய்யூரில் வைத்தியப் பணி தொடங்கிய காலமுதல் மேல்நாட்டு மருந்து நம் ஜில்லாவாசிகளுக்குப் பழக்கமாயிற்று. முற்காலத்தில் நம் தேசத்து ஆஸ்பத்திரிகளில் கம்பவுண்டர் மருந்தைக் கலக்கிக் குப்பியில் ஊற்றியதும், ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, குப்பியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வெட்டு ஒரு வேளைக்கு. எழுத்தறியாத பாட்டியும் அதைக் கண்டு மருந்து கொடுப்பாள். இன்று மருந்து ஆலையிலிருந்து நேரே வருகிறது. அந்தக் காகிதத் துண்டு மறைந்துபோயிற்று. அதன் இடத்தில் வந்திருப்பவை இரண்டு: குப்பியின் மேல் அச்சிட்ட மில்லிகிராம் கணக்கு, குப்பியோடு வரும் அளவுக் கிண்ணம் அல்லது ஊசியற்ற சிரிஞ்சு. முன்னதை நாம் படிப்பதில்லை. பின்னதை முதல் வாரத்திலேயே தொலைத்துவிடுகிறோம்.

பாரசிட்டமால் என்னும் மருந்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு அதன் அளவு வயதைவிட எடையைக் கொண்டே சரியாகக் கணிக்கப்படும். ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வைத்தியர் கொள்ளும் பொதுவிதி. 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் போதும். இனிக் கடைக்குப் போய்ப் பார்த்தால் ஒரே மருந்து மூவகையாக நிற்கும். ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம். நம் குழந்தைக்கு முதல் குப்பியில் 5 மில்லிலிட்டர் தகுந்த அளவு. அதே 5 மில்லிலிட்டரை இரண்டாங் குப்பியில் கொடுத்தால் 250 மில்லிகிராம், அளவு மிஞ்சிற்று. சொட்டு மருந்தில் கொடுத்தாலோ 500 மில்லிகிராம். மேலெல்லைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு! சொட்டு மருந்து சிறு குழந்தைக்குரியதாதலால் வலிமை குறைந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு நேர் மாறானது. ஆகவே "ஒரு கரண்டி கொடு" என்பது கட்டளையாகாது. எந்தக் குப்பி, எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லிலிட்டர் என்ற மூன்றும் சேர்ந்தாலன்றி அளவு பிறவாது.

கரண்டியின் யோக்கியதையை ரசாயன வகுப்பு மாணவர் எளிதிற் சோதிக்கலாம். தத்தம் வீட்டிலிருந்து ஒவ்வொரு தேக்கரண்டி கொண்டுவந்து, சோதனைச் சாலையின் அளவுக் குழாயில் நீர் நிரப்பிப் பார்க்கட்டும். ஒன்று 5 மில்லிலிட்டருக்குக் குறைவாகவும், மற்றொன்று மிகுதியாகவும் கொள்ளுவதைக் கண்டபின், எந்த மாணவனும் தன் தம்பி தங்கையர்க்குக் கரண்டியால் மருந்து வார்க்கச் சம்மதியான்.

வேறு சில விதிகளும் உண்டு, அவை கடினமானவையல்ல. இம்மருந்துகளிற் பல, தூள் நீரில் மிதக்கும் கலவைகள்; குலுக்காமல் ஊற்றினால் மேலே நீர்த்ததும் அடியில் செறிந்ததுமாக முடியும். பாரசிட்டமாலை ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவிட்டே கொடுக்கவேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது. காலையில் பாட்டியும், சற்றுப் பொறுத்துத் தாயும், ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியாமல் கொடுப்பது கூட்டுக் குடும்பங்களில் நேரும் பிழை; சுவரில் ஒரு காகிதம் தொங்கவிட்டுக் கொடுத்த நேரத்தை எழுதிவைத்தால் அது நேராது. சளி மருந்துகள் பலவற்றுள் பாரசிட்டமால் மறைந்திருக்கிறது. கோல்ட்ரிஃபிலும் அது ஒரு சரக்கே. ஆகவே சளிக்கொன்றும் காய்ச்சலுக்கொன்றுமாகக் கொடுக்கும் தாய், தான் அறியாமலே ஒரே மருந்தை இருமுறை கொடுக்கிறாள்.

பெயர் மாறினால் விதியும் மாறும். டெங்குக் காய்ச்சல் என்னும் ஐயம் உள்ளபோது இபுபுரோஃபென் கொடுத்தால் இரத்தப்போக்கு மிகக்கூடும். வாந்தி பேதியால் உடம்பு நீர் வற்றிய குழந்தைக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரின், வைத்தியர் தாமே விதித்தாலன்றிக் குழந்தைகளுக்கு ஆகாது. நிமெசுலைடு பன்னிரண்டு வயதிற்குட்பட்டவர்க்கு ஆகாதென்று இந்திய அரசாங்கமே 2011-ல் விலக்கியது. இவற்றுள் எதையும் பக்கத்து வீட்டில் மிஞ்சியது என்று வாங்கிக் கொடுத்தல் தவறு.

அளவு மிஞ்சிய பாரசிட்டமால் ஈரலை அழிக்கும். அதிலும் அஞ்சத்தக்கது யாதெனில், முதல் நாள் குழந்தை நலமாகவே காணப்படக்கூடும். வாட்டம் தோன்றும்போது ஈரல் பழுதுபட்டிருக்கும். இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்திற்குள் அதைத் தொடங்கினால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆகையால் குழந்தை குப்பியைத் திறந்து குடித்துவிட்டது என்று தெரிந்தால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திராமலும், உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுப்பியாமலும், குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கமே இவ்விபத்திற்கு வித்திடுகிறது.

காய்ச்சல் நோயன்று, நோயின் அடையாளம் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். இம்மருந்து வேதனையைத் தணிக்குமேயன்றி நோயின் வேரை அறுக்காது. சற்றே சூடிருந்தும் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்தினும் நீராகாரமும் ஓய்வுமே வேண்டும். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, எவ்வயதுக் குழந்தைக்கும் வலிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல், பால் குடியாமை ஆகியவை தோன்றினாலோ, குப்பியைத் தேடாமல் வைத்தியரைத் தேடவேண்டும்.

"நம் பாட்டிமார் அளந்தா மருந்து கொடுத்தனர்?" என்று சிலர் வினவுவர். ஆம், அளந்துதான் கொடுத்தனர். கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் கிழவி, கல்லின்மேல் வசம்புக்கு எத்தனை இழைப்பு, ஜாதிக்காய்க்கு எத்தனை இழைப்பு என்று எண்ணியே உரைத்தாள். ஓர் இழைப்புக் கூடினால் மருமகளைக் கடிந்துகொண்டாள். அளவின் மதிப்பை அறிந்த முன்னோரின் பேரைச் சொல்லி அளவின்மைக்கு நியாயம் தேடுதல் அவர்களுக்கு நாம் செய்யும் அவமரியாதை.

2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி, எழுத்தறிவில் தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் முதலிடம் பெற்றது நம் ஜில்லாவே, நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தோர். இதைச் சொல்லி நாம் பெருமை கொள்கிறோம். ஆயினும் மருந்துக் குப்பியின் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலும், பூதக்கண்ணாடி வேண்டும் அளவிலும் இருக்கிறது. தமிழ் நன்றாக வாசிக்கும் தாயும் அதன்முன் எழுத்தறியாதவளே. ஆதலின் நம் கோரிக்கைகள் மூன்று. குழந்தைகளுக்கான திரவ மருந்து ஒவ்வொன்றிலும் வலிமையும் எச்சரிக்கையும் பெரிய தமிழெழுத்தில் அச்சிடப்படவேண்டும். அளவுக் கருவியின்றி ஒரு குப்பியும் விற்கப்படலாகாது. மருந்துக் கடைக்காரர், இத்தனை மில்லிலிட்டர், இத்தனை மணிக்கொருமுறை என்று வைத்தியர் விதித்ததைத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இவை நிறைவேறும் வரை என் செய்வது? மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் ஆங்கில எழுத்தைப் படிக்கவும், 12-ஐப் 15-ஆல் பெருக்கவும் வல்லவர் நீங்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது அடுக்களைத் தட்டிலுள்ள குப்பிகளை எடுத்துப் பாருங்கள். காலங்கடந்ததை அகற்றுங்கள். மீந்ததைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் எடையை அறிந்து, வைத்தியரிடம் கேட்டு, தகுந்த அளவைத் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குப்பியின் பக்கத்தில் ஒட்டுங்கள். பழைய கம்பவுண்டர் ஒட்டிய காகிதத்தை மீண்டும் ஒட்டுவது அத்தனை பெரிய காரியமன்று. ஆயினும் பட்டம் பெறுவதற்கு முன்னரே நம் கல்வி ஓர் உயிரைக் காக்க உதவுமாயின், அதனினும் சிறந்த பயன் வேறெது?