துத்தம் வெச்ச வாமடை

போன சம்பாவில் நடவு முடிஞ்ச பத்தாம் நாள். வயல்ல தண்ணி மேல பச்சைப்பசேல்னு பாசி. பார்த்ததும் வயித்தைக் கலக்கிருச்சு. மருந்துக்கடையில் கேட்டேன். "மயில்துத்தத்தைத் துணியில முடிஞ்சு வாமடையில போட்டுருங்க"ன்னாங்க. தண்ணி பாயுற இடத்துல போட்டேன். நாலஞ்சு நாள்ல பாசி செத்துது, நானும் நிம்மதியாத் தூங்கினேன்.

இப்போ யோசிச்சா, அவசரப்பட்டுட்டேன்னுதான் தோணுது.

பாசின்னா ஒண்ணு இல்லீங்க. ஈர மண்ணு மேல பூசின மாதிரி படருறது பச்சைப்பாசி. செடி மாதிரியே வெயிலை வெச்சுத் தன் சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கும். செத்தா மக்கி மண்ணுக்கு எருவாகும். அது விடுற பிசின் மண் துகளைச் சேர்த்துப் பிடிக்கும்; மழைக்கு மேல்மண் லேசுல கரையாது. கோடையில காய்ஞ்சு கிடந்தாலும் அதுல பலது உறங்கிக் கிடந்து, முதல் மழைக்கு முழிச்சுக்கும்.

கூடவே நீலப்பச்சைப் பாசி இருக்கு. படிச்சவங்க கணக்குல அது பாக்டீரியா. காத்துல இருக்குற தழைச்சத்தைப் பிடிச்சு நெல் வயலுக்குக் கொடுக்குறதுல அதுக்குப் பெரிய பங்கு. பி.கே. டே என்கிற விஞ்ஞானி 1939-லேயே இதை எழுதி வெச்சுட்டார்.

துத்தம் இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு பார்க்காது. அதுல இருக்குற செம்பும் மண்ணுலயே தங்கிடும். ஒரு பக்கம் மூட்டை மூட்டையா யூரியா வாங்குறோம். இன்னொரு பக்கம் சும்மா கிடைக்குறதைக் காசு கொடுத்துக் கொல்றோம். இது என்ன விவசாயம்?

பாசி ஏடு கட்டி இளம் பயிரை அமுக்கினா விட்டுட முடியாதுதான். ஆனா முதல் வைத்தியம், தண்ணியை வடிச்சு ரெண்டு நாள் காயப் போடுறது. பாசி மண்ணுல படிஞ்சு எருவாயிடும். டிஏபியைத் தண்ணி மேல தூவாம, அடியுரமா மண்ணோட கலந்து உழுதுடணும். மணிச்சத்து மேலேயே நின்னா பாசி பெருகத்தான் செய்யும்.

பட்டணத்துல மாடித்தோட்டம் வெச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டி மண் பச்சையானதும் சுரண்டி எறியாதீங்க, மருந்தும் அடிக்காதீங்க. தண்ணி கூடிப்போச்சுன்னு அது உங்களுக்குச் சொல்லுது. தண்ணியைக் குறைச்சு, மேல்மண்ணை விரலால் கிளறி விடுங்க. போதும்.

இந்தச் சம்பாவுக்கு என் வாமடையில் துத்த முடிச்சு கிடையாது. பாசி வந்தா வரட்டும், வடிமடையைத் திறந்து விட்டுப் பார்த்துக்குறேன்.